ஒரு பக்கம் படித்திருந்தால் போதும்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் பதினொரு வருடமாக வாசகர் வட்டம் நடத்துகிறேன். தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களும், தொடங்கிவிட்டு முழிப்பவர்களும் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நூலகத்தில் கூட்டம் போட யாரைக் கேட்கணும்? வாடகை கட்டணுங்களா? (பெருந்துறை வாசகி)

நூலகரைக் கேளுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் ஏற்கெனவே பெயரளவில் இருக்கும். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழாவுக்கு மட்டும் தூசி தட்டுவார்கள். அதையே எழுப்பி உட்கார வைப்பது சுலபம். நூலகர் தயங்கினால் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பணத்தைப் பற்றிக் கூச்சமே வேண்டாம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ரூபாய்க்கு 10 காசு சேர்த்திருப்பார்கள். 1948-ல் வந்த சட்டம் அது. ஏற்கெனவே கட்டிவிட்ட வாடகை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பனியன் கம்பெனியில் வேலை. எந்த நேரம் வைத்தால் ஆள் வரும்? (திருப்பூர்)

ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு. சாயந்திரம் வைத்தால் மாடு வைத்திருப்பவர் ஒருவரும் வரமாட்டார். கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். முகூர்த்த ஞாயிறாக இருந்தால் தேதியை மாற்றுங்கள். நான் ஒரு வைகாசியில் பிடிவாதமாக வைத்தேன். நானும் நூலகரும் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். இருபது பேர் எப்படிப் படிப்பது? (சத்தியமங்கலம்)

நாவலை விட்டுவிட்டுச் சிறுகதையில் தொடங்குங்கள். எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டு முடிந்துவிட்டால் பதிப்புரிமை இல்லை. புதுமைப்பித்தன் 1948-லும், கு.ப.ரா. 1944-லும் இறந்தவர்கள், அவர்கள் கதையை நகலெடுத்து ஊருக்கே கொடுக்கலாம். நாட்டுடைமையான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நாவல்தான் வேண்டுமென்றால் பிரதி கை மாறி வர இரண்டு மாதம் விடுங்கள்.

எங்கள் விதி ஒன்றுதான்: முழுசாகப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பக்கமாவது படித்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. (பவானி)

எங்கள் முதல் கூட்டத்தில் மேடை, மைக், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எல்லாம் உண்டு. விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பேசினார், புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும். அடுத்த மாதம் நாற்காலி காலி. அன்றைக்கு மேடையை எடுத்தவன்தான், இன்றுவரை எல்லாரும் பாயில் வட்டமாக உட்கார்கிறோம். நின்றுகொண்டு பேசுகிறவருக்குத்தான் பேச்சு நீளும். உங்கள் ஐயாவிடம் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

‘நாகம்மாள்’ எடுத்தோம். அவள் பங்கு கேட்டது சரியா என்று ஆரம்பித்து, இரண்டு பேர் தங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைக்கே போய்விட்டார்கள். இதை எப்படித் தவிர்ப்பது? (தாராபுரம்)

ஏனுங்க தவிர்க்கணும்? உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942-ல் வந்த நாவல். புருஷனை இழந்தவள், கெட்டியப்பன் என்பவன் தூண்டிவிட, கொழுந்தனிடம் நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். நம் பக்கத்தில் இதைப் படித்துவிட்டுச் சொந்த வரப்பு ஞாபகம் வராதவர் யார்?

எங்கள் கூட்டத்திலும் இதே சண்டைதான். அப்போது ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: கணவன் பங்கு கைம்பெண்ணுக்கு என்று 1937-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947-ல்தான். நாவல் வந்த வருடத்தில் காட்டுக்குப் பங்கு கேட்கிற கைம்பெண்ணுக்குக் கைகொடுக்க அந்தச் சட்டமும் இல்லை.

‘அப்போ அவ கெட்டியப்பன் பேச்சைக் கேட்டது மட்டும் எப்படித் தப்பாகும்?’ என்று ஒரு அக்கா கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அவரே தொடர்ந்தார்: ‘நம்ம மாநிலத்துல 1989-ல இருந்து மகளுக்கும் சம பங்கு. இங்கே உட்கார்ந்திருக்கிறவங்கள்ல எத்தனை பேர் தங்கச்சிக்குக் கொடுத்தீங்க? பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துத்தானே வாங்கினீங்க?’ பத்திர எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படி எத்தனை எழுதியிருப்பாரோ! பதினொரு வருடத்தில் எனக்குப் பிடித்த கூட்டம் அதுதான்.

சண்டை ரொம்பவும் சூடானால் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘அது எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?’ புத்தகத்தைப் புரட்டும் நேரத்தில் கோபம் பாதி இறங்கிவிடும்.

டீச்செலவு?

முறை வைத்து ஒருவர். பலகாரம் மட்டும் வேண்டாம். அதில் போட்டி வந்துவிடும்.

எங்க அம்மிச்சிக்கு (பாட்டிக்கு) எழுத்துத் தெரியாது. கூட்டிக்கொண்டு வந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார்களே? (காங்கேயம்)

கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாங்கள் சத்தமாக வாசிப்பதே அப்படிப்பட்ட ஒருவருக்காக ஆரம்பித்ததுதான். ஒருமுறை கல்லூரிப் பெண் ஒருத்தி வாசித்துக்கொண்டே வந்து ‘கொறங்காடு’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள். எங்களில் நாலு பேர் ‘மேய்ச்சல் நிலம்’ என்று முடித்துவிட்டோம். சுவரோரம் சாய்ந்திருந்த ஆத்தா விடவில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம், காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்தால் பொழுது சாயத்தான் போய்ப் பார்ப்போம் என்று கையால் தரையில் கோடு போட்டே காட்டினார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, ‘இப்போ அந்த வரியை இன்னொருக்கா வாசி கண்ணு’ என்றார்.