பிரேக்பாயிண்ட்டில் நின்றாலும் ரீசெட், ரிலே இழுத்தாலும் ரீசெட்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “வீட்டுக் கிணற்று மோட்டார் தானாக ஓடி நிற்க எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் புரோகிராம் எழுதுகிறேன். சோதிக்கப் புரோகிராமை ஒரு வரியில் பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தினால் இரண்டு விநாடிக்குள் ரீசெட் ஆகிறது. மோட்டாரைப் போடும் சுவிட்சான ரிலே இழுக்கும்போதும் சில தடவை அப்படித்தான். சிப் பழுதா?”

சிப்பைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பார்க்க ஒரே கோளாறு போலிருந்தாலும் இவை இரண்டு. ஏன் ரீசெட் ஆனது என்பதைச் சிப்பே ஆர்சிசி சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) குறித்து வைக்கும். மெயினின் முதல் வரியிலேயே அதை ஒரு மாறியில் எடுத்துக்கொண்டு, 24ஆம் பிட்டில் 1 எழுதி அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் முந்தைய ரீசெட்டின் குறியும் சேர்ந்து நின்று குழப்பும். 29ஆம் பிட் 1 ஆக ஏறியிருந்தால் வாட்ச்டாக், அதாவது புரோகிராம் சிக்கி நின்றால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர். 27 என்றால் மின்சாரம் விழுந்திருக்கிறது. 26 சிப்பின் ரீசெட் பின் என்ற கால்முனைக்கானது, ஆனால் மற்ற ரீசெட்டுகளிலும் கூடவே ஏறும். தனியாக நின்றால் மட்டும் பின்னைச் சந்தேகியுங்கள்.

பிரேக்பாயிண்ட்டில் வருவது அநேகமாக வாட்ச்டாக்தான். நீங்கள் நிறுத்துவது சிபியூவை மட்டும். ஐடபிள்யூடிஜி எனும் அந்த வாட்ச்டாக்குக்குத் தனிக் கடிகாரம், அது எண்ணிக்கொண்டே இருக்கும். டிபிஜிஎம்சியூ சிஆர் ரெஜிஸ்டரின் 8ஆம் பிட்டை 1 ஆக்கினால் டீபக்கர் நிறுத்தும்போது அதுவும் நிற்கும். வாட்ச்டாக்கையே கமெண்ட் போட்டு மறைக்கிறவர்கள் உண்டு. பிறகு திரும்ப எடுக்க மறந்துவிடுவார்கள், நானும் மறந்திருக்கிறேன்.

ரிலே விஷயம்தான் கொஞ்சம் வேலை வைக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, மோட்டார் வயரை ரிலேயிலிருந்து கழற்றிவிட்டு, ரிலேயை மட்டும் இருபது தடவை ‘டிக் டிக்’ என்று அடிக்க விடுங்கள். அப்போதும் ரீசெட் வந்தால் கோளாறு ரிலேயின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) பக்கம்: காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோட் இருக்கிறதா, அதன் வெள்ளைக்கோடு பிளஸ் பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். ரிலேக்குத் தனி சப்ளை கொடுத்தும் பாருங்கள். ரிலே இழுக்கும்போது சப்ளை மின்னழுத்தம் விழுவதை மல்டிமீட்டர் காட்டாது, அவ்வளவு சின்ன நேரம். ஆஸிலோஸ்கோப்பில், ஒரே தடவை பிடித்து நிறுத்தும் சிங்கிள் டிரிகர் வைத்தால்தான் பிடிபடும்.

மோட்டார் பூட்டினால் மட்டும் ரீசெட் என்றால், ரிலே முனைகளில் பறக்கும் தீப்பொறியின் இரைச்சல். ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை சிப்புக்கு ஒட்டியே வையுங்கள். மோட்டார் வயரையும் சென்சர் வயரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கடற்கரையில் இருப்பதால் சொல்கிறேன். ஜம்பர் வயரின் ஊசியை உருவி நுனியைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் அந்த வயரை எறிந்துவிட்டு, சப்ளை, கிரவுண்ட் இரண்டையும் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.