வேலை போன 35ஆம் நாள்

வரவு செலவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 43 வயது. மலேசியாவில், பினாங்கு பிறையில் இருக்கிறோம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 9 வருஷம் வேலை செய்தேன், கடைசி நாலு வருஷம் லைன் லீடர். சம்பளம் 3,200 வெள்ளி (ரிங்கிட்). போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்களில் சிலரை மாடிக்குக் கூப்பிட்டு, ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு மாதச் சம்பளம் போட்டார்கள். அதோடு சரி என்றார்கள்.

வீட்டுத் தவணை 780. மைவி காடிக்கு (கார்) 540, ஒன்பது வருஷக் கடனில் ஏழு வருஷம் கட்டியாகிவிட்டது. பெர்சனல் லோன் 410. மூன்று கிரெடிட் கார்டில் மொத்தம் 20,400 நிற்கிறது, அதில் ஒன்று ஏற்கனவே இரண்டு மாதம் பிந்திவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் கூட்டில் (சீட்டு) என் பங்கைத் தீபாவளிக்கே எடுத்துவிட்டேன். மாதம் 300 வீதம் இன்னும் ஐந்து மாதம் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், 2,300 வரும். பெண் ஃபாரம் ஃபைவ், பையன் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு.

மூன்றாவது கார்டு இருப்பது அவருக்குத் தெரியாது. அதில் பணம் எடுத்துத்தான் மற்ற கார்டுகளுக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். வங்கிக் கடிதங்களை ஒரு மைலோ டின்னில் போட்டு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். கடைசி நாலு கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. இப்போது வாட்ஸ்அப்பில் ஒருவர் 10,000 தருகிறேன், ஐ.சி.யும் (அடையாள அட்டை) ஏ.டி.எம். கார்டும் கொடுத்தால் போதும் என்கிறார். அதை வாங்கலாமா? தாலிக்கொடியை அடகு வைக்கலாமா? இல்லை, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துக் கார்டை முடித்துவிடலாமா? வசூல்காரர் போனில் திவாலாக்கிவிடுவோம் என்கிறார். ராத்திரி தூக்கமே இல்லை அக்கா.
– பிறை வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் என் கைக்கு வந்த அன்று நாள்களை எண்ணினேன். வேலை போய் 35 நாள் ஆகியிருந்தது. அதனால்தான் இதழ் அச்சாகட்டும் என்று காத்திருக்காமல் அன்று சாயங்காலமே உங்களுக்குப் போன் செய்தேன். அப்போது பேசியதை இங்கே எழுதச் சம்மதித்தீர்கள், நன்றி. இந்த 35 நாளில் நீங்கள் கடனைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறீர்கள். உங்களுக்கு வரவேண்டிய பணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

முதலில் நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை எடுத்து வந்து வாசிக்கச் சொன்னேன். ஆட்குறைப்பு என்றுதான் இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. சில இடங்களில் 'நானாகவே விலகிக்கொள்கிறேன்' என்று எழுதி வாங்கிவிடுவார்கள். அப்படி வாங்கியிருந்தால் கதையே வேறு. இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மாடிக்குக் கூப்பிட்டால் போங்கள், தாளை வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். கட்டாயப்படுத்தி எழுதி வாங்கிவிட்டால், தொழில் உறவு இலாகாவில் முறையிட வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான் தவணை.

சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கும் அதே 60 நாள்தான். 2018 ஜனவரியிலிருந்து உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் 0.2 விழுக்காடு அதற்குப் பிடித்திருக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டியிருக்கிறார். சம்பள சிலிப்பில் ஓர் ஓரத்தில் ஆறேழு வெள்ளி என்று இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, உங்களுக்கு 2,560 வெள்ளி. பிறகு படிப்படியாகக் குறையும், அதிகபட்சம் 6 மாதம் வரை கிடைக்கும். வேலை தேடுவதையும் காட்ட வேண்டும். உங்களுக்கு 25 நாள் மீதி இருந்தது. மறுநாள் காலையிலேயே போனீர்கள், சந்தோஷம்.

அடுத்தது அந்த இரண்டு மாதச் சம்பளம். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவரை நிறுத்தினால் 8 வாரம் முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும், தராவிட்டால் அதற்கு ஈடாகச் சம்பளம் தர வேண்டும். உங்களுக்குப் போட்டது அந்தப் பணம். ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை அது இல்லை. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாத சம்பளக்காரர் ஐந்து வருஷம் தாண்டியிருந்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளம் தனியாக வர வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு 180 நாள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 19,000 வெள்ளி. வேலை முடிந்த 7 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். நான் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள், வக்கீல் வேண்டாம். நியமனக் கடிதம், கடைசி 12 மாதச் சம்பள சிலிப், அந்தத் தாள், இவற்றைக் கொண்டுபோங்கள். உங்களோடு மாடிக்குப் போன மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள்.

சரி, இப்போது கடனுக்கு வருவோம்.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு வங்கியில் 26 வருஷம் இருந்தேன், அதில் 11 வருஷம் கடன் வசூல் பிரிவில். உங்களுக்கு வருவது போன்ற போன்களை நானும் செய்திருக்கிறேன். மாதக் கடைசியில் எங்களுக்கு ஒரு தொகை காட்டியாக வேண்டும், அப்போது குரல் உயரும். ஆனால் முதலாவதாக யாருக்கு விட்டுக்கொடுப்போம் தெரியுமா? நாங்கள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே எங்களைக் கூப்பிட்டவர்களுக்கு. போனை எடுக்காதவரின் கோப்பு தானாகவே அடுத்த மேசைக்குப் போய்விடும், அதற்கு அப்புறம் வக்கீல் மேசை.

அதனால்தான் அந்த மைலோ டின்னை இறக்கி, நான் லைனில் இருக்கும்போதே நாலு கடிதத்தையும் பிரிக்கச் சொன்னேன். முதலாவது வெறும் கணக்கறிக்கை. இரண்டாவது காடி இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நினைவூட்டல். மூன்றாவது பிந்திய கார்டுக்கான எச்சரிக்கை. நாலாவது கடிதத்தில், அதே கார்டின் பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று வங்கியே எழுதியிருந்தது. தேதி முடிந்து இரண்டு வாரம். நீங்கள் அழுதீர்கள். கூப்பிட்டுக் கேளுங்கள் தங்கச்சி, பெரும்பாலும் மறுபடி கொடுப்பார்கள். பேசும்போது ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதி, நேரம், பேசியவர் பெயர், அவர் சொன்னது எல்லாம் எழுதி வையுங்கள்.

திவால் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். 2021லிருந்து கடன் ஒரு லட்சம் வெள்ளியாவது இருந்தால்தான் திவால் வழக்குக்கே இடம் உண்டு. உங்கள் மூன்று கார்டையும் பெர்சனல் லோனையும் கூட்டினாலும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அடுத்த முறை அந்த ஆள் கூப்பிட்டால், வங்கி எழுத்துமூலம் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கடனை அம்மாவிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்ல அவருக்கு உரிமை இல்லை. சொன்னால் குறித்துவைத்துக்கொண்டு மத்திய வங்கியான பேங்க் நெகாராவில் புகார் செய்யுங்கள்.

எதை முதலில் கட்டுவது? வீட்டைத்தான். மூன்று மாதம் விட்டுவிட்டால் வங்கி அதை வாராக் கடனாகப் பார்க்க ஆரம்பிக்கும், அந்தக் கோட்டைத் தொடவே விடாதீர்கள். காடியையும் விட வேண்டாம், வேலை தேட வேண்டும், இரண்டு வருஷம்தான் பாக்கி. விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியாகிவிட்டதால், தவணை பிந்தினாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் அதை இழுத்துக்கொண்டு போக முடியாது. கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, அதனால் அந்த அக்கா உங்கள்மீது வழக்கா போடப்போகிறார்? ஆனால் அது அண்டை வீட்டுப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். கார்டுக்கு முன்னால் அதைக் கட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். 300 முடியவில்லை என்றால் நேரில் போய், 150 வீதம் பத்து மாதம் தருகிறேன் என்று கேளுங்கள்.

கார்டு கடைசி. 20,400க்கு வருஷ வட்டி 18 விழுக்காடு என்றால் மாதம் 306 வெள்ளி வட்டிக்கே போகிறது. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 1,020. அதை மூன்றாவது கார்டில் பணம் எடுத்துக் கட்டினால், எடுத்த அன்றே கட்டணமும் வட்டியும் ஓட ஆரம்பித்துவிடும். இன்றோடு நிறுத்துங்கள். அந்தக் கார்டைக் கத்திரிக்கோலால் வெட்டிவிட்டு ஏ.கே.பி.கே.க்குப் போங்கள். 2006இல் பேங்க் நெகாரா ஆரம்பித்த அமைப்பு, ஆலோசனைக்குக் காசு வாங்கமாட்டார்கள். கார்டையும் லோனையும் சேர்த்து, உங்களால் முடிகிற ஒரே தவணையாக மாற்ற வங்கிகளிடம் அவர்களே பேசுவார்கள். ஆனால் குடும்பச் செலவு போக ஏதாவது மிஞ்சினால்தான் அந்தத் திட்டம் போட முடியும், அதனால் சொக்சோ பணத்தின் விவரத்தையும் வீட்டுக்காரரின் சம்பள சிலிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில். வாட்ஸ்அப் ஆள்: வேண்டவே வேண்டாம். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஜாமீன் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஏ.டி.எம். கார்டைக் கேட்கிறவன் வட்டி முதலை, அல்லது முன்பணம் பிடுங்கிக்கொண்டு மறைகிற மோசடிக்காரன். எண்ணைத் தடை செய்யுங்கள். தாலிக்கொடி: அடகுக்கடை வட்டி மாதம் 2 விழுக்காடு என்றால் குறைவாகத் தெரியும், வருஷத்துக்கு 24 ஆகிறது. கார்டு வட்டியைவிட அதிகம்! ஆறு மாதத்தில் மீட்கவோ புதுப்பிக்கவோ முடியாவிட்டால் நகையும் போய்விடும். ஈ.பி.எஃப்.: அந்தப் பணத்தின்மேல் எந்தக் கடன்காரரும் கை வைக்க முடியாது, சட்டம் போட்டிருக்கும் வேலி அது. நீங்களே வேலியைப் பிரித்துப் பணத்தைக் கார்டுக்குக் கொடுக்காதீர்கள். அதில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃப்ளெக்சிபல் கணக்கில் இருப்பது, சொக்சோ பணம் வருவதற்குள் அரிசிக்கும் வீட்டுத் தவணைக்கும் வேண்டுமானால் உதவட்டும். அந்த 19,000 வந்தாலும் அப்படித்தான்: முதலில் ஆறு மாத வீட்டுத் தவணையான 4,680ஐ ஒதுக்கிவிட்டு, மீதியில் அந்த மூன்றாவது கார்டை முடியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டம், எனக்குத் தெரியும். 1998இல் எங்கள் வீட்டில் அவருக்கு வேலை போனது. 19 நாள் என்னிடம் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல் பசியாறிவிட்டு, கட்டிக்கொடுத்த சோற்றோடு பேக்கைத் தூக்கிக்கொண்டு போவார், ஃபெரி ஏறித் தீவுக்குப் போய் ஒரு கோயிலில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சாயங்காலம் சோற்று டப்பா கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. தொழிற்சாலையில் யார் இப்படித் துடைத்துக் கொடுப்பார்கள் என்று கேட்டேன், அப்போதுதான் சொன்னார். வேலை போனதற்கு நான் கோபப்படவில்லை. அந்த 19 நாளும் தனியாக இருந்தாரே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் டியூஷன் போனதும், அந்த டின்னை மேசைமேல் வையுங்கள். மூன்றாவது கார்டின் கணக்கை முதலில் எடுத்துக் கொடுங்கள். திட்டினால் திட்டட்டும். அப்புறம் அந்த நோட்டுப்புத்தகத்தை அவர் பக்கம் தள்ளுங்கள். திங்கட்கிழமை ராத்திரி எனக்குப் போன் செய்யுங்கள், நான் தூங்கமாட்டேன்.

கேள்வி: என் மகனின் மோட்டார் சைக்கிள் கடனுக்கு நான்தான் ஜாமீன். அவனுக்கு வேலை போய்விட்டது. என்னைத் திவாலாக்க முடியுமா? எனக்கு வயது 61.
– செந்தூல் வாசகர்

பதில்: முடியாது அண்ணே. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, லாப நோக்கம் இல்லாமல் சொந்த உபயோக வண்டிக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ, படிப்புக் கடனுக்கோ ஜாமீன் போட்டவர் சமூக ஜாமீன்தாரர். அவர்மீது திவால் வழக்குப் போட வங்கிக்கு உரிமை இல்லை. ஆனால் பாக்கிப் பணத்துக்கு உங்கள்மீது சாதாரண வழக்குப் போடலாம். நீதிமன்றத்திலிருந்து ஏதாவது தாள் வந்தால் அதை ஒதுக்கி வைக்காமல், அன்றைக்கே சட்ட உதவி இலாகாவுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.