இரண்டே பேர் மரச்சட்ட வீடு எழுப்பலாமா?

கேள்வி: 12 × 16 அடியில், கான்கிரீட் தளத்தின் மேல், ஒரே அறை கொண்ட சின்ன மரவீடு கட்டப்போகிறோம். கனமான தூணும் உத்தரமும் நிறுத்தி, ஒன்றின் முனையை மற்றதன் துளையில் செருகிக் கழுந்தும் துளையுமாகப் பூட்டுவதா, சன்னச் சட்டங்களை நெருக்கமாக நிறுத்திப் பிளைவுட் அடிப்பதா? வேலைக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

பதில்: இரண்டாவது முறையே உங்களுக்குச் சரி. தூண், உத்தர முறையில் ஒவ்வொரு பொருத்தையும் உளியால் செதுக்கித் தீர்க்க வேண்டும். ஓர் உத்தரத்தை ஏற்றவே நாலு பேர் வேண்டும். சன்னச் சட்ட முறையில் அறுப்பதும் ஆணி அடிப்பதும்தான் வேலை. ஆனால் ஒன்று: இதில் சட்டங்கள் மேலிருந்து இறங்கும் பாரத்தைத்தான் தாங்கும். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது சுவர் சாயாமல் பிடித்திருப்பது பிளைவுட்டும் அதன் ஓரத்து ஆணிகளும். அதனால் மரத்தைத் தடிமனாக்கிப் பயனில்லை, ஆணி வரிசையில் கவனம் வையுங்கள்.

1½ × 3½ அங்குலச் சட்டம் இந்த அளவு வீட்டுக்குப் போதும். ஈரப்பதம் 19 சதவீதத்தைத் தாண்டாத மரமாக வாங்குங்கள். ஈர மரம் சுவரில் ஏறியபின் காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், ஆணித்தலைகள் வெளியே துருத்தும்.

கான்கிரீட்டில் உட்காரும் அடிச்சட்டம் மட்டும் உளுத்துப்போகாதபடி மருந்தேற்றிய மரமாக இருக்கட்டும். செம்பு கலந்த மருந்து சாதா ஆணியை அரித்துவிடும். அங்கே துத்தநாகம் பூசிய நல்ல கால்வனைஸ்டு ஆணியும் போல்ட்டும்தான். அடிச்சட்டத்தைத் தளத்தோடு பூட்டும் ½ அங்குல ஆங்கர் போல்ட், கான்கிரீட்டுக்குள் 7 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். போல்ட்டுக்குப் போல்ட் 6 அடியைத் தாண்டக் கூடாது; அடிச்சட்டத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்தது இரண்டு, முனைகளிலிருந்து 12 அங்குலத்துக்குள். வெளி மண்மட்டத்துக்கு மேல் 8 அங்குலமாவது தளம் உயர்ந்திருக்கட்டும். மழைத்தண்ணீர் தெறித்து அடிச்சட்டத்தை நனைத்துக்கொண்டே இருந்தால் எந்த மருந்தும் அதை நெடுநாள் காப்பாற்றாது.

இனி, பலரும் தடுக்கி விழும் இடம். சட்டங்களை 16 அங்குல மையத்துக்கு மையம் நிறுத்துவதன் காரணமே, 4 அடி அகலப் பிளைவுட்டின் ஓரம் ஒரு சட்டத்தின் நட்டநடுவில் விழவேண்டும் என்பதுதான். மூலைச் சட்டத்தின் மையத்திலிருந்து 16 அங்குலம் அளந்தால் எல்லாச் சட்டமும் ¾ அங்குலம் தள்ளிப்போகும். பிளைவுட்டின் ஓரத்துக்கு ஆணி பிடிக்க மரமே இருக்காது. சுவரின் வெளிமுனையில் டேப்பைக் கொக்கி மாட்டி, முதல் கோட்டை 15¼ அங்குலத்தில் போடுங்கள். சட்டத்தின் விளிம்பு அந்தக் கோட்டில், உடல் அதைத் தாண்டிய பக்கம். அடுத்த கோடுகள் 31¼, 47¼. இரண்டு நீளச் சுவர்களுக்கு இடையே பொருந்தும் 12 அடிக் குறுக்குச் சுவர்களில், நீளச் சுவரின் வெளிமுகத்திலிருந்து அளவைத் தொடங்க வேண்டும். அடிச்சட்டத்தையும் மேல்சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வீச்சில் கோடு போட்டால் தப்பு வர வழியே இல்லை.

நிமிர்ந்த சட்டங்களை 91½ அங்குலத்துக்கு அறுங்கள். அடியில் ஒன்று, மேலே இரண்டு என மூன்று கிடைச்சட்டம் சேர்ந்தால் சரியாக 8 அடி. பிளைவுட்டை உயரத்தில் வெட்ட வேண்டியதில்லை. சுற்றளவு 56 அடி என்பதால் 14 பலகை. நிமிர்ந்த சட்டம் கணக்குக்கு 46 வரும். மூலை, கதவு, ஜன்னலுக்காக 65 வாங்குங்கள். இரண்டாம் மேல்சட்டத்தின் இணைப்பு, அதன் கீழுள்ள முதல் மேல்சட்டத்தின் இணைப்பிலிருந்து 2 அடியாவது விலகியிருக்க வேண்டும்; மூலையில் அந்த இரண்டாம் சட்டம் அடுத்த சுவரின் மேல் ஏறி உட்கார வேண்டும்.

சுவரைத் தளத்தில் படுக்கவைத்துப் பூட்டி, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமாக்கி, ஒரு சன்னக் கட்டையைக் குறுக்காக அடித்து நிறுத்துங்கள். போல்ட் துளைகளை முன்பே போட்டிருக்க வேண்டும். பிளைவுட்டோடு தூக்கினால் 16 அடிச் சுவர் 150 கிலோவைத் தொட்டுவிடும். இரண்டு பேர் அதை முயலவே கூடாது. சட்டமாக எழுப்பி, ரசமட்டம் பார்த்துத் தாங்குகட்டை கொடுத்தபின் பிளைவுட் அடியுங்கள்.

பலகையின் ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஓர் ஆணி, நடுச்சட்டங்களில் 12 அங்குலத்துக்கு ஒன்று. ஆணி விளிம்பிலிருந்து 3/8 அங்குலம் உள்ளே. பலகைகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் விடாவிட்டால் ஈரத்தில் உப்பி வயிறு தள்ளும். அந்த இடைவெளிக்காகவே குறைத்து அறுத்து வரும் பலகைகளும் உண்டு, அளந்து பாருங்கள். ஆணித் துப்பாக்கியின் காற்றழுத்தம் கூடி, ஆணித்தலை பிளைவுட்டின் மேலடுக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனால் அந்த ஆணிக்குப் பாதி மதிப்புகூடக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் இன்னொன்று அடியுங்கள். தலை பலகையோடு சமமாக நிற்பதே அளவு.

கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கட்டையைப் பக்கச் சட்டத்தில் ஆணியால் மட்டும் தொங்கவிட வேண்டாம். இரு புறமும் ஒரு குட்டைச் சட்டத்தின் தலையில் அது உட்காரட்டும்.

கூரையில் முதல் ஆபத்து: கைமரங்கள், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைகள், சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். 12 அடி அகலத்துக்குக் குறுக்கே, மேல்சட்ட மட்டத்திலேயே, ஒவ்வொரு கைமர ஜோடியையும் ஒரு கட்டையால் இழுத்துக் கட்டுங்கள். முகட்டை ஒட்டி உயரத்தில் அடிக்கும் குறுக்குக்கட்டை இந்தத் தள்ளலை நிறுத்தாது. உள்ளே கூரை திறந்தே தெரியவேண்டும் என்றால், இரு முனைச் சுவர்களிலும் தூண் நிறுத்தி, பாரம் தாங்கும் முகட்டு உத்தரம் வைக்க வேண்டும். அதன் அளவையும் கைமரத்தின் அளவையும் உங்கள் பகுதியின் காற்று, பனிப் பாரத்துக்கேற்ப கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். கைமரம் சுவரில் உட்காரும் வெட்டு அதன் உயரத்தில் கால்பங்கைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டையால் மேல்சட்டத்தோடு பிணைத்துவிடுங்கள். காற்று கூரையை மேலே இழுக்கும்போது சாய்த்து அடித்த ஆணி உருவிக்கொண்டு வந்துவிடும்.