நகரமே கையைப் பிசையும் நேரத்தில் போலீஸ், தீயணைப்புக்காகப் பாண்டு போட்டுச் சொத்து வரியை ஏற்றலாமா?

பாண்டு என்றால் நகரம் வாங்கும் கடன் பத்திரம், அதை வட்டியோடு அடைப்பது வீட்டுக்காரர்கள் கட்டும் கூடுதல் சொத்து வரி. கட்டடத்துக்கு என்றால் போடலாம். ஆள் பற்றாக்குறை தீரும் என்று நம்பிப் போடக் கூடாது. கலிபோர்னியாவில் வீடு வைத்திருப்பவன் என்பதால் அந்த ஊர்க் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

சொத்து வரி பில் அக்டோபரில் வரும். மேலே வீட்டு மதிப்பீட்டில் 1 சதவீதப் பொது வரி. அதன் கீழே பள்ளி பாண்டு, கல்லூரி பாண்டு என்று பொடிப் பொடியாகச் சில எண்கள். அந்த 1 சதவீதத்துக்கு மேல் போகாதபடி 1978-லேயே மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த பிராப் 13 என்ற சட்டம் பூட்டு போட்டுவிட்டது. வீடு கைமாறாத வரை மதிப்பீடும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வசூலாவதிலும் கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பள்ளிகளும் எடுத்தது போக மிச்சம்தான் நகரத்துக்கு. நகரம் வீட்டு மதிப்பை வைத்து அதற்கு மேல் வரி போட வேண்டுமானால், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் பாண்டுக்குச் சம்மதிக்க வேண்டும். அந்தப் பணமும் நிலம், கட்டடத்துக்குத்தான். தீயணைப்பு நிலையம் கட்டலாம், அதில் ராத்திரி விழித்திருப்பவருக்குச் சம்பளம் தர முடியாது.

இது எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது. எங்கள் பக்கத்து நிலையத்துக்கான பாண்டுக்கு சந்தோஷமாக ஓட்டுப் போட்டேன். திறப்பு விழாவில் பையனை வண்டியில் ஏற்றி உட்கார வைத்துப் படமெல்லாம் எடுத்தோம். அப்புறம் நகரத்தின் வருமானம் விழுந்தது, ஓவர்டைமில் கை வைத்தார்கள். எந்த நிலையத்து வண்டிக்கு இன்று ஆள் கிடையாது என்று முறை போட ஆரம்பித்தார்கள். சிவப்புக் கதவு பளபளவென்று இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. யானை வாங்கியாச்சு, தீனிக்குத்தான் காசில்லை.

கலிபோர்னியாவின் வல்லேஹோ நகரம் 2008 மே மாதம் திவால் மனு கொடுத்ததும் கிட்டத்தட்ட இதே கோளாறில்தான். வீட்டு விலை சரிந்து வரி வருமானம் குறைந்தது. போலீஸ், தீயணைப்பு ஊதிய ஒப்பந்தங்களோ பொது நிதியில் ஏறக்குறைய முக்கால் பங்கை விழுங்கிக்கொண்டிருந்தன. நிலையங்களை மூடினார்கள், காவலர்களைக் குறைத்தார்கள். கடைசியில் 2011-இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றியது விற்பனை வரியை. ஆண்டுதோறும் வரும் செலவுக்கு ஆண்டுதோறும் வரும் வருமானம்தான் வேண்டும்.

அதற்காகப் பாண்டே தப்பு என்று சொல்ல மாட்டேன். சான் பிரான்சிஸ்கோ 2010, 2014, 2020 என மூன்று முறை நிலநடுக்கப் பாதுகாப்புக்கும் அவசர சேவைக்கும் பாண்டு போட்டது. 2020-இல் போட்டது மட்டும் 62.85 கோடி டாலர். பழைய கடன் அடைய அடையத்தான் புதியதை வெளியிடுவது என்பது அவர்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. மந்த காலத்தில் கட்டுமான ஒப்பந்தக்காரர்களும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள், அதுவும் லாபம்தான்.

வட்டியை மட்டும் மறக்காதீர்கள். 1 கோடி டாலரை 4 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு எடுத்தால் திருப்புவது சுமார் 1.73 கோடி. நகரத்தின் மொத்தச் சொத்து மதிப்பீடு 300 கோடி என்றால், 5 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 டாலருக்குள் வரும். எனக்கு அது பெரிசில்லை. ஓய்வூதியத்தில் வாழும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பெரிசு.

அடுத்த பாண்டு வாக்குச்சீட்டில் வந்தால், வாக்காளர் கையேட்டில் வரி விகித அறிக்கையைப் பாருங்கள். வட்டியும் அசலும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஆள் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது இருக்காது. அதை நகர மன்றக் கூட்டத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். நான் இந்த முறை கேட்டுவிட்டுத்தான் ஓட்டுப் போடுவதாக இருக்கிறேன்.