துகள் திரை மெலியாமல் விழ வேண்டும்: சூரிய வெப்ப ரிசீவர் கேள்வி பதில்

கவின்: கோபுர வகை சூரிய வெப்ப நிலையங்களில் உருகிய உப்பே நன்றாக வேலை செய்கிறதே, துகள்கள் எதற்கு?

பதில்: இந்த நிலையங்களில் தரையிலுள்ள கண்ணாடிகள் ஒளியைக் கோபுர உச்சியிலுள்ள ரிசீவரில் குவிக்கும்; அங்கே வெப்பத்தை வாங்கிச் சுமப்பது உருகிய உப்பு, அல்லது திரைபோல் விழும் துகள். நைட்ரேட் உப்பை 565 டிகிரியோடு நிறுத்த வேண்டும், அதைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். 240 டிகிரி அளவில் குழாய்க்குள்ளேயே உறையவும் செய்யும். நீராவிக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடால் சுழலும் டர்பைன் திறமையாக ஓட 700 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். பீங்கான் துகளுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஜெர்மனியில் யூலிஷ் கோபுரத்தில் துகளைச் சுழற்றிச் சூடேற்றும் ரிசீவர் 2018-ல் 965 டிகிரியைத் தொட்டது.

நஸ்ரின்: ஆற்று மணலையே போட்டால் செலவு மிச்சமாகுமே, அண்ணா?

பதில்: மிச்சமாகாது, தங்கச்சி. மணலில் பெரும்பங்கான குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக அமைப்பு மாறிச் சட்டென விரியும். தினமும் அந்த எல்லையைக் கடந்து ஏறி இறங்கினால் மணல்மணி விரிசல் விட்டுப் பொடியாகும். அந்தச் சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். வெளிர் நிறம் என்பதால் ஒளியையும் வீணாகத் திருப்பிவிடும். எண்ணெய்க் கிணறுகளில் பயன்படும் சுட்ட பாக்சைட் (அலுமினியத் தாது) மணிகளை எடுங்கள். உருண்டையானவை, கருமையானவை, விழும் ஒளியில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சுபவை.

முத்துக்குமார்: 1 மெகாவாட் ரிசீவருக்கு எவ்வளவு துகள் ஓட வேண்டும்? திரையின் உயரத்தை எப்படி முடிவு செய்வது?

பதில்: வடிவமைப்பின் உயிரே இந்தக் கேள்விதான். வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு, டிகிரிக்கு 1.2 கிலோஜூல், ஏற்ற வேண்டியது 200 டிகிரி என்று வைத்தால், நொடிக்கு 4.2 கிலோ வேண்டும். அதை 1 மீட்டர் அகலத் திரையாக விழவிடுங்கள். 1 மீட்டர் விழுந்ததும் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், திரையின் எடை சதுர மீட்டருக்கு 1 கிலோவுக்கும் குறைவு. துகள்மணியின் விட்டம் 0.3 மில்லிமீட்டர், அடர்த்தி கன மீட்டருக்கு 3300 கிலோ என்றால், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் அங்கே ஒளியில் ஏறத்தாழ கால் பங்கு துகளைத் தொடாமல் ஊடுருவும். 2 மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அத்தனையும் பின்சுவரைச் சுடும்.

ஆகவே உயரத்தைக் கூட்டிப் பயனில்லை. வேகத்தைத்தான் உடைக்க வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு தொட்டி வைத்துத் துகளைப் பிடித்து மறுபடி வழியவிட்டால், ஒவ்வொரு வீழ்ச்சியின் அடியிலும் ஊடுருவல் 13 சதவீத அளவில் நிற்கும். தொட்டியில் எப்போதும் துகள் நிறைந்திருந்தால் உலோகத்தை அந்தத் துகளே காக்கும். அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் சாண்டியா ஆய்வகம் எஃகு வலைத் தடுப்புகளை வைத்துச் சோதித்தபோது, ஓட்டம் தடைபட்ட இடத்தில் வலை சூடேறிச் சேதமானது. தடுப்பு நல்லதுதான், வெறுமையாக வெயிலில் நிற்கக் கூடாது.

ஷாலினி: ரிசீவரில் ஒளி நுழையும் திறப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

பதில்: கண்ணாடிகளின் ஒளி சிந்தாத அளவுக்கு மட்டும். 800 டிகிரியில் கரும்பொருள் (விழும் ஒளியை முழுதும் உறிஞ்சும் பொருள்) சதுர மீட்டருக்கு 75 கிலோவாட் கதிர்வீசும். 565 டிகிரியில் 28தான். திறப்பில் சதுர மீட்டருக்கு 1000 கிலோவாட் விழுந்தால் இழப்பு 7.5 சதவீதம், 400 விழுந்தால் 19. காற்று தனிச் சிக்கல்: சாய்வாக அடித்தால் சூடான காற்றையும் மெல்லிய துகளையும் வெளியே இழுக்கும். திறப்பைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, முன்னே மறைப்புக் கூண்டு போட்டால் குறையும்.

அருள்: குளிர்ந்த நிலையில் அளந்து வைத்த ஓட்டம், சூடானதும் மாறிவிடுகிறது. மேலே துகளைத் தேக்கும் ஹாப்பரில் துகள் மட்டம் குறைவதாலா?

பதில்: மட்டம் காரணமல்ல. நீர் போலன்றி, துகளின் வெளியேற்றம் மேலுள்ள உயரத்தைப் பொருட்படுத்தாது; அது வெளிவரும் பிளவின் அகலத்தையே கேட்கும். 1 மீட்டர் துருப்பிடிக்காத எஃகு 750 டிகிரி ஏறினால் 13 மில்லிமீட்டர் நீளும். இரு முனையையும் இறுக்கியிருந்தால் பிளவின் விளிம்புப் பட்டை வளையும். பிளவின் அகலம் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று ஆகும். ஒரு முனையை மட்டும் பூட்டி, மறுமுனையை நகரவிடுங்கள். ஓட்டத்தைச் சூட்டிலேயே எடை போட்டு மீண்டும் அளவிடுங்கள்.

இன்னொன்று: விழும் திரையில் தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பியை) நேராக நீட்டாதீர்கள். அது காற்றும் கதிர்வீச்சும் கலந்த ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். சிறு புனலில் துகளைப் பிடித்து, அது நிரம்பி வழியும்போது உள்ளே முனை புதைந்திருக்கட்டும். அந்த எண்ணை வைத்துப் பிளவின் கதவைத் திறந்து மூடுங்கள்.

கவின்: 6 மெகாவாட்-மணிநேர வெப்பத்தைச் சேமிக்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

பதில்: அதே 200 டிகிரி வித்தியாசத்துக்கு 90 டன், சுமார் 45 கன மீட்டர். அடி தட்டையாக இருக்கட்டும். ஓரத்தில் அசையாமல் தங்கும் துகளே சுவருக்கு வெப்பக்காப்பு. தேய்மானமும் சுவரைத் தொடாது.