கேள்வி – பதில்: நுண்ணோக்கி இல்லாத வகுப்பறை

கேள்வி: எங்கள் கல்லூரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை. இளநிலை உயிரியல் மாணவர்களுக்குப் படங்களை மட்டும் காட்டிப் பாடம் நடத்துவதில் பயன் உண்டா?
– ஓர் ஆசிரியை

பதில்: உண்டு, ஆனால் படத்துடன் அது உருவான விதத்தையும் கற்பிக்க வேண்டும். ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது என்பதால், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும், 20 முதல் 30 நானோமீட்டர் அளவுள்ள நுண்துகளான ரைபோசோமைக் காண எலக்ட்ரான் கற்றை தேவைப்படுகிறது. அதற்காகத் திசுவின் அமைப்பு சிதையாதபடி அதை வேதிப்பொருளில் நிலைப்படுத்தி, நீர் நீக்கி, பிசினில் பதித்து, 100 நானோமீட்டருக்கும் மெல்லிய சீவல்களாக வெட்டுகிறார்கள். இத்தனைக்குப் பிறகு கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படமே (பாடநூல் வண்ணங்கள் பின்னர் சேர்க்கப்பட்டவை). பாக்டீரியாவின் ‘மீசோசோம்’ படத்தைக் காட்டுங்கள்: பல்லாண்டுகள் உள்ளுறுப்பாகக் கருதப்பட்ட அந்தச் சவ்வு மடிப்பு வேதி நிலைப்படுத்தலின் விளைவே என்பது, செல்களை விரைந்து உறையவைத்துப் பார்த்தபோது தெரியவந்தது. சில பாடநூல்கள் அதை இன்னும் உறுப்பாகவே வரைகின்றன. என் கருத்தில், வகுப்பு விவாதத்துக்கு அதைவிடச் சிறந்த படம் இல்லை.