ஒரே மடிக்கணினி, விட்டு விட்டு வரும் நெட்: வகுப்புக்கு இலவசமாக எவை உதவும்?

காரைக்குடிப் பக்கம் அரசுப் பள்ளி, வகுப்புக்கு ஒரே மடிக்கணினி, நெட் நம்ப முடியாது, காசு கட்டாமல் எதைப் பயன்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தேவகோட்டைப் பக்கம் கணக்கு ஆசிரியர். முதலில் ஜியோஜீப்ரா என்ற இலவசக் கணித மென்பொருளைச் சொல்வேன். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமே வேண்டாம். சமச்சீர்த்தன்மை நடத்தும்போது ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றைப் படமெடுத்து அதில் ஏற்றினேன். காற்றாடி போல் வளைந்த இதழ்கள் உள்ள பூ அது. ஓர் இதழை மட்டும் வரைந்து 90 பாகை வீதம் மூன்று தடவை சுழற்றினால் முழுப் பூவும் விரியும். அதே இதழைக் கோட்டில் பிரதிபலித்தால் வளைவு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். "சார், எங்க ஐயா வீட்டு வளவுல இருக்கிற பூ இப்படி இல்ல!" என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னாள். சுழற்சிக்கும் பிரதிபலிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை.

அறிவியலுக்கு ஃபெட், திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் பாவனைகளின் தளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கியது. அதன் மின்சுற்றுப் பாவனையை இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். பேட்டரி, பல்பு, கம்பியைப் பிள்ளைகளே இணைத்துப் பார்க்கட்டும். மவுஸை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

பாடநூலின் கியூஆர் குறியீட்டுக் காணொளிகளை முந்தின இரவே தீக்‌ஷா செயலியில் இறக்கிவையுங்கள். தமிழ்ப் பாடத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம். பழைய நூல்களின் பக்கங்களை அப்படியே காட்டலாம்.